சுற்றத்தோடு வழிச்செலவு

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றை இளங்கலை வகுப்பில் நடத்தியபோது, முன்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பரிசில் பெறுவதற்குக் கூத்தர் தலைவன் ஒருவன் போனால் போதாதா? பெண்டிரையும் பிள்ளைகளையும் மலையிலும் காட்டிலும் ஏன் அலைக்கழிக்க வேண்டும்?” என்று கேட்டார். யாழும் முழவும் ஆடலும் பாடலும் ஒருவரால் இயல்வன அல்ல. குழு முழுவதும் சென்றால்தான் கலை நிகழும் என்று விடை கூறினோம். விடை பிழையன்று. ஆயினும் அது நூலறிவால் மட்டும் சொன்ன விடை என்பதை, 2023ஆம் ஆண்டு மே மாதம் குடும்பத்தோடு மூன்று நாடுகளுக்குச் சென்று திரும்பிய பின்னரே உணர்ந்தோம்.

நாங்கள் ஐவர். முழங்கால் வலியால் துன்புறும் எம் அன்னையார், துணைவியார், பதினைந்து வயது மகள், ஒன்பது வயது மகன், நாம். முதலில் உம்ரா, அடுத்து இஸ்தான்புல், இறுதியாக இலண்டனில் வாழும் தங்கையின் வீடு. விமானப் பயணம் எவருக்கும் பொதுவானது. அதனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓர் ஊரை அடைந்த பின், அவ்வூருக்குள் ஐந்து பேர் எவ்வாறு நடமாடுவது என்பதே சிக்கல்.

மக்காவிலிருந்து மதீனாவுக்கு அச்சிக்கல் எழவில்லை. 2018இல் தொடங்கப்பெற்ற ஹரமைன் அதிவேக இரயில், மணிக்கு 300 கி.மீ. வரை விரைவது. ஏறத்தாழ 450 கி.மீ. தொலைவை இரண்டரை மணி நேரத்திற்குள் கடந்தோம். ஐந்து இருக்கைகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. அன்னையார் பெரும்பகுதி உறங்கினார்.

இஸ்தான்புல் அவ்வாறு இல்லை. அது குன்றுகளின் மேல் அமைந்த நகரம். நாங்கள் தங்கிய சுல்தானகமது பகுதியில் தெருக்கள் கடலை நோக்கிச் சரிகின்றன. கருங்கல் பாவிய பாதைகள். வரைபடத்தில் விரற்கடைத் தொலைவாகத் தோன்றுவது முழங்கால் வலியுடையவருக்கு ஒரு மலை. வாடகைக் கார் அமர்த்தலாமெனில், அங்குள்ள மஞ்சள் நிறக் கார்களில் பயணியர் நால்வருக்கே இடம். ஐந்தாமவர் ஒருவர் இருப்பதனாலேயே குடும்பம் இரு வண்டிகளாகப் பிரிய வேண்டியதாயிற்று. முதல் நாள் அவ்வாறு பிரிந்து சென்று, ஒரே பள்ளிவாசலின் இரு வேறு வாயில்களில் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் தேடினோம். அதன்பின் டிராமும் படகுமே எங்கள் ஊர்திகள் ஆயின. டிராமின் தளம் நிலைய மேடைக்குச் சமமாக இருப்பதால் படியேறும் துன்பம் இல்லை. கட்டண அட்டை ஒன்றையே ஐந்து முறை வைத்து ஐவரும் உள்ளே செல்ல முடிந்தது. இலண்டனில் அது செல்லாது. அங்கே கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும்.

படகைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். எமினோனு துறையிலிருந்து மறுகரை உஸ்குதாருக்குச் செல்லும் படகு ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் செல்கிறது. இருபது மணித்துளிப் பயணம். 2013 முதல் கடலுக்கு அடியிலும் இரயில் ஓடுகிறது. அது இன்னும் விரைவானது. எனினும் அன்னையார் படகையே விரும்பினார். அகன்ற பலகையின் வழியே நடந்து ஏறினால் போதும், உள்ளே அமரலாம், இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும், கடற்பறவைகள் உடன் வரும். மறுகரையில் துறைக்கு எதிரிலேயே, கட்டடக்கலை மேதை சினான் 1548இல் கட்டி முடித்த மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல். முழங்கால் வலியைப் பற்றி அன்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்று மாலை திரும்பும்போதுதான் அது நிகழ்ந்தது. எமினோனு டிராம் நிலையத்தில் பெருங்கூட்டம். மகன் முந்திக்கொண்டு ஏறினான். அன்னையாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த நாங்கள் இரண்டடி பின்தங்கினோம். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவன் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. பிழை எங்களுடையதே, பிரிய நேர்ந்தால் என்ன செய்வதென்று முன்னரே பேசி வைத்துக்கொள்ளாமல் புறப்பட்டிருந்தோம். அடுத்த வண்டியில் ஏறி, அடுத்த நிலையமாகிய சிர்கெசியில் இறங்கியபோது, முக்காடிட்ட துருக்கிப் பெண்மணி ஒருவர் அவன் கையைப் பிடித்தபடி மேடையில் நின்றிருந்தார். தம் பயணத்தை நிறுத்திவிட்டு அவனோடு இறங்கிக் காத்திருக்கிறார். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. சலாம் மட்டுமே இரு தரப்பார்க்கும் பொதுவாக இருந்தது.

மகன் அன்றிரவே அதனை மறந்தான். மறக்காதவர் அன்னையார். மறுநாட் காலை, “நான் மெதுவாக நடந்ததால்தானே பிள்ளை தனியாகப் போனான். நான் அறையிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்றார். குடும்பத்தோடு பயணம் செய்வோர் அஞ்ச வேண்டியது களவையோ கட்டணத்தையோ அன்று. இந்தச் சொல்லையே என்று இப்போது நினைக்கிறோம். முதியவர் ஒருவர் தம்மைச் சுமையெனக் கருதிவிட்டால், அவர் அறையில் இருப்பார். மற்றவர் ஊர் பார்ப்பர். குடும்பம் பயணம் செய்ததாகாது.

அப்போது வகுப்பறை நினைவுக்கு வந்தது. மலைபடுகடாத்தை நன்னனின் புகழ்நூலாக மட்டுமே பயின்று தேர்வெழுதிவிடுகிறோம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் பெரும்பகுதி வழியைப் பற்றியது. நடந்து நடந்து மெலிந்த விறலியரின் சிற்றடிகளைப் புலவர் மறக்கவில்லை. இருட்டிய பின் நடவாமல் குகைகளில் தங்கி விடியலில் செல்லுமாறும், வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுமாறும் அதில் அறிவுரை உண்டு. கிளைவழிகள் பிரியும் இடத்தில் பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து வைக்குமாறும் கூறப்படுகிறது. பின்வருவோர் எனின் யார்? விரைந்து நடக்க இயலாதவரே. முன்னே செல்பவன் பின்னே வருபவரை எண்ணி வழியைக் குறித்து வைக்க வேண்டும் என்பதே அங்குப் பொருள். உப்பு வணிகர் தம் வண்டியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உவமையாக்கினார். எங்களிடம் முடிந்த புல்லும் இல்லை. சேம அச்சும் இல்லை.

காலை உணவின்போதே முறை வகுத்தோம். அன்னையார் முதலில் ஏற வேண்டும், அவர் கையைப் பற்றி மகன், அடுத்து மகளும் துணைவியாரும், கடைசியில் நாம். அன்னையார் “ஏறலாம்” என்று சொல்லும்வரை எவரும் காலெடுத்து வைப்பதில்லை. எவரேனும் வண்டியோடு சென்றுவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்பது. மேடையில் தங்கிவிட்டவர் அவ்விடம் விட்டு அசையாதிருப்பது. விடுதியின் பெயரைத் துருக்கி மொழியில் எழுதி, தொலைபேசி எண்ணோடு ஒவ்வொருவர் பையிலும் இட்டோம். நெரிசலான ஒரு டிராமைக் கண்டு அன்னையார் தலையசைத்து மறுத்தால், அடுத்ததற்குக் காத்திருந்தோம். ஒரு நாளில் நான்கு இடங்கள் என்ற எங்கள் திட்டம் இரண்டாகச் சுருங்கியது. மகள் இரண்டு நாள் முணுமுணுத்தாள். அதனையும் மறைக்க வேண்டுவதில்லை.

இலண்டனில் 1863இல் தொடங்கிய சுரங்க இரயிலைப் பிள்ளைகள் பெரிதும் எதிர்பார்த்தனர். பெரியவரோடு செல்லும் 11 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு அதில் கட்டணம் இல்லை. ஆனால் படியேறாமல் மேடையை அடையக்கூடிய நிலையங்கள் மூன்றில் ஒரு பங்கே. எனவே பேருந்தைத் தேர்ந்தோம். அப்போது கட்டணம் 1.75 பவுன்; அதனைச் செலுத்தியபின் ஒரு மணி நேரத்திற்குள் வேறு பேருந்துக்கு மாறினாலும் மறுகட்டணம் இல்லை.

அங்கும் ஓர் இடர் தோன்றியது. சிவப்பு நிற மாடிப் பேருந்தில் பிள்ளைகளுக்கு மேல்தளத்தின் முன்னிருக்கையே வேண்டும். அன்னையாரால் அந்தப் படியில் ஏற இயலாது. மீண்டும் பிரிவா என்று தயங்கி நின்றோம். “நீங்கள் எல்லாரும் மேலே போங்கள், இறங்கும் இடம் எத்தனையாவது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார் அவர். இலக்கத்தைச் சொன்னோம். பிள்ளைகளையும் துணைவியாரையும் மேலே அனுப்பிவிட்டு நாம் படியருகே நின்றோம். அன்னையார் தம் தஸ்பீஹை எடுத்தார். நிறுத்தத்திற்கு ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டு, டிராபல்கர் சதுக்கத்தைக் கடந்து, தூய பவுல் பேராலயத்தைக் கடந்து, எங்கும் கணக்குத் தவறாமல் வந்தார். இலண்டன் கோபுரம் நெருங்கியபோது நிமிர்ந்து பார்த்து, “இன்னும் இரண்டு இருக்கிறது, பிள்ளைகளைக் கூப்பிடு” என்றார்.