விட்டு விட்டுச் செய்த வேலை லொறி ஓட்டத் தடையா?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. சொந்த ஊர் மூதூர். 2006 இடப்பெயர்வோடு படிப்பு நின்றுவிட்டது. சில வருடம் அப்பாவோடு கடலுக்குப் போனேன். பிறகு கந்தளாயில் ஓர் அரிசி ஆலை லொறியில் 3 வருடம் கிளீனராக நின்றேன். நாட்கூலிதான். கடிதமும் இல்லை, ஈ.பி.எப். கட்டவும் இல்லை. கட்டாரில் 2 வருடம் பிக்கப் ஓட்டிவிட்டு 2020இல் கொரோனாவோடு திரும்பி வந்தேன். 2021 கடைசியில் மணல் டிப்பர் ஒன்று கிடைத்தது. 2022இல் டீசல் இல்லாமல் முதலாளி வண்டியை நிறுத்தியதும் அதுவும் போயிற்று. அதன்பின் கிடைத்த கூலி வேலைதான். இப்போது துறைமுகச் சரக்கு ஏற்றும் ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிடுகிறது. 5 வருடத் தொடர் அனுபவத்துக்குக் கடிதம் வேண்டுமாம். நான் வேலையே செய்யாத ஒரு லொறி முதலாளியின் கடிதத்தை 15,000 ரூபாவுக்கு எடுத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். நிறுவனம் என் லைசன்ஸ் ஒறிஜினலையும் கையெழுத்திட்ட ஒரு வெற்றுத் தாளையும் கேட்கிறது. ஈ.பி.எப். 6 மாதத்துக்குப் பிறகுதானாம். என்னிடம் இருப்பது ‘சி’ வகுப்பு லைசன்ஸ். தேவைப்பட்டால் ட்ரெயிலரும் ஓட்ட வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

— வாசகர், மூதூர்

பதில்: தம்பி, வேலையில் இடைவெளி விழுந்தவர் லொறி ஓட்டக் கூடாது என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சாரதியிடம் கேட்பது வயதையும் உடற்தகுதியையும் ஓட்டும் வாகனத்துக்குரிய அனுமதிப்பத்திரத்தையும்தான். 5 வருடத் தொடர் அனுபவம் என்பது அந்த நிறுவனம் தானாக வைத்துக்கொண்ட நிபந்தனை. வைத்தவர்களால் அதைத் தளர்த்தவும் முடியும். உங்களுக்குப் படிப்போ வேலையோ அறுந்த ஆண்டுகளைப் பார்த்தேன்: 2006, 2020, 2022. இந்த மாவட்டத்தில் இந்த மூன்று ஆண்டுகளையும் தொழில் அறுபடாமல் கடந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நேர்முகத்தில் எதிரே இருப்பவருக்கும் அது தெரியும். அதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

தரகரின் கடிதத்தைத் தொடவே வேண்டாம். கடிதத் தலைப்பையும் கையெழுத்தையும் தரகரே தயாரித்தால் அது போலி ஆவணம். செய்தவர் மட்டுமல்ல, போலி என்று தெரிந்தே அதை நீட்டிய நீங்களும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றவாளி. ‘இல்லை ஐயா, அந்த முதலாளியே உண்மையாகக் கையெழுத்து வைப்பார்’ என்பீர்கள். அப்போது போலிக் கையெழுத்துக் குற்றம் வராமல் போகலாம். ஆனால் உள்ளே இருப்பது பொய். அதைக் காட்டி வேலை பெறுவது வஞ்சித்தல் என்ற குற்றத்துக்குள் போய் நிற்கும். வழக்கு வராவிட்டாலும் ஆபத்து போகாது. பொய் சொல்லிப் பெற்ற வேலையை அந்தக் காரணத்துக்காகவே நிறுத்தலாம். நீங்கள் தொழில் நியாய சபைக்குப் போனால், நீதியும் ஒப்புரவும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அந்தச் சபையின் முன் முதலில் விரிக்கப்படுவது இந்தக் கடிதம்தான். இதைப் பிடிப்பதும் சுலபம். 5 வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தவருக்கு ஏன் ஈ.பி.எப். என்ற சேமலாப நிதிக் கணக்கில் ஒரு சதமும் இல்லை என்று ஒருவர் கேட்டால் போதும்.

உண்மையான அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அதற்குத் தாள்தான் தேட வேண்டும். கட்டார் காலத்துக்குக் கடவுச்சீட்டின் முத்திரைகளும் அந்நாட்டு லைசன்ஸும் வீட்டுக்குப் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டுகளும் சாட்சி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போயிருந்தால் உங்கள் ஒப்பந்த விபரம் அங்கே இருக்கும். டிப்பர் காலத்துக்கு அலுமாரியைக் கிளறிப் பாருங்கள். பொலிஸார் எழுதிய தண்டப்பணச் சீட்டும், தபாலகத்தில் பணம் கட்டிய ரசீதும் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர், லொறி இலக்கம், திகதி என்று எல்லாம் அதில் இருக்கும். சின்னத் தண்டம் கட்டியதை அவமானமாக எண்ண வேண்டாம். அந்த நாளில் அந்த வண்டியை ஓட்டியவர் நீங்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி குறைவு. மணல் ஏற்றிய அனுமதிச் சீட்டுகளின் பிரதிகளையும் பழைய முதலாளியிடம் கேளுங்கள்.

கிளீனராக நின்ற 3 வருடத்துக்கு ஆலை முதலாளியிடம் நேரில் போங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன வேலை என்ற நான்கு வரி போதும். அவர் மறுத்தால், அப்போது உங்களோடு ஓடிய சாரதி சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தரலாம். கடிதம் கிடைத்தால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நாட்கூலிக்காரருக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்க வேண்டும். அந்த 3 வருட நிலுவைக்குத் தொழில் அலுவலகத்தில் முறையிட அந்தக் கடிதமே ஆதாரம். சம்பளம் கொடுக்கும்போது உங்கள் பங்கைக் கழிக்காமல் விட்ட முதலாளி, இப்போது அதை உங்களிடம் கேட்க முடியாது. இரு பங்கையும் அவரே கட்ட வேண்டும். ஆகவே கடிதத்தை முதலில் வாங்குங்கள், முறைப்பாட்டைப் பிறகு யோசியுங்கள்.

இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. வகுப்பறையில் படிக்காமல் தொழிலைச் செய்தே பழகியவருக்கு, முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில் திறமையைப் பரிசோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கிறார்கள். நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். அது அரசாங்கம் அங்கீகரித்த தகைமை. எந்த முதலாளியின் தயவும் அதற்குத் தேவையில்லை.

இனி நிறுவனம் கேட்பவற்றுக்கு வருவோம். 6 மாதம் ஈ.பி.எப். இல்லை என்பது சட்டவிரோதம். தகுதிகாண் காலம் வைக்கலாம். ஆனால் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். மாதச் சம்பளமோ, நாட்கூலியோ, ஹயருக்கு இவ்வளவு என்ற கணக்கோ, எல்லாவற்றுக்கும் அதுதான் விதி. முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.ரி.எப்.) முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். அதில் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கக் கூடாது. மேலதிக நேரக் கொடுப்பனவு நீங்கலாக மாதம் 60,000 ரூபா உழைப்பதாக வையுங்கள். முதலாளி தர வேண்டியது 7,200 உடன் 1,800, ஆக 9,000 ரூபா. 6 மாதத்தில் 54,000. உங்களிடமிருந்து போவது இவ்வளவு. கூடவே, வேலை செய்ததற்கான பதிவும் போகிறது. கடிதம் இல்லாமல் இன்று நீங்கள் அலைவதற்குக் காரணமே, முன்பு உங்கள் பெயரில் இந்தப் பதிவு விழாததுதான்.

இந்த 6 மாதக் கணக்கில் எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்துவிட்டவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த முடியாது. 6 மாதம் முடியும் தறுவாயில் ஆளை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனால் வேலை தொடங்கிய திகதி போட்ட நியமனக் கடிதத்தை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ட்ரெயிலர் விடயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். ‘சி’ வகுப்பு, மொத்த நிறை 17,000 கிலோவுக்கு மேற்பட்ட லொறிக்கு. கொள்கலன் இழுக்கும் ட்ரெயிலருக்கு ‘சிஈ’ வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் நீங்களும் குற்றவாளி, ஓட்டச் சொன்ன நிறுவனமும் குற்றவாளி. கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவில் யானை குறுக்கே வந்து நிற்பது உங்களுக்குத் தெரியும். அங்கே திடீரென்று பிரேக் பிடித்து, பின்னால் இருக்கும் பெட்டி புரண்டு ஓர் உயிர் போனால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். உரிய அனுமதிப்பத்திரம் உள்ளவரே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை காப்புறுதியில் வழக்கமாக இருப்பதால், அந்தப் பக்கமும் கை விரிக்கக்கூடும். ‘யார்ட்டுக்குள்ளே மட்டும்’ என்று தொடங்குவார்கள். ஆள் குறைந்த ஒரு நாளில் கேற்றுக்கு வெளியே அனுப்புவார்கள். ‘சிஈ’ எடுத்த பிறகு ஓட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். அதற்கான மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் எடுக்கலாம்.

லைசன்ஸ் ஒறிஜினலைக் கொடுக்காதீர்கள். வாகனம் ஓட்டும்போது அதை வைத்திருந்து, பொலிஸார் கேட்டால் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி உங்களைச் சட்டத்தை மீறச் சொல்கிறார். பிரதி கொடுத்தால் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்கவே கூடாது. நாளைக்கு அது கடன் பத்திரமாகலாம், இராஜினாமாக் கடிதமும் ஆகலாம். லொறியில் ஏற்படும் சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிப்போம் என்று படிவத்தில் இருந்தால் அதையும் கவனியுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று சம்பளச் சபை இருக்கிறது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அனுமதிக்காத கழிவை முதலாளி தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா. அதற்குக் கீழே யாரும் பேச முடியாது. படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாசித்து விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று பயப்படுவீர்கள். போகலாம்தான். ஆனால் பிரீமா மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள் என்று சீனக்குடாப் பக்கத்தில் நாள் முழுக்க லொறி ஓடும் மாவட்டம் இது. முறையான கனரக லைசன்ஸ் உள்ள சாரதிக்கு இந்த ஒரு வாசல்தான் என்றில்லை.

திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் நீங்கள் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை. வேலையில் சேர்ந்து, பின்னர் நியாயமில்லாமல் நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். நிறுவனம் நியமனக் கடிதம் தந்தால், கையெழுத்து வைப்பதற்கு முன் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன்.