கிளிஞ்சல் சாது... சுண்ணாம்பு பொல்லாதது!

ஏரல், ஆத்தூர் வட்டாரம் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? தாமிரபரணித் தண்ணீரில் விளையும் வெற்றிலைதானே! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை. வெற்றிலை இருக்கிற வீட்டில் சுண்ணாம்பு டப்பியும் இருக்கும். அந்தச் சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமா?

தூத்துக்குடிக் கடலில் கிடைக்கிற முத்து, சங்கு, கிளிஞ்சல், பூமிக்குள் கிடைக்கிற சாக்குக்கல், சுண்ணாம்புக்கல்... எல்லாமே முக்கியமாக ஒரே பொருள்தான். கால்சியம் கார்பனேட்! இது பரம சாது. பற்பசையில் இருக்கிறது. நெஞ்செரிச்சல் மாத்திரையிலும் இருக்கிறது. (பள்ளிக்கூட சாக்பீஸ் மட்டும் இப்போது பெரும்பாலும் ஜிப்சம்.)

ஆனால், கிளிஞ்சலைக் காளவாசலில் போட்டு 900 டிகிரி சூட்டில் வேகவிட்டால் கதையே வேறு. கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. தண்ணீர் ஊற்றினால் 'புஸ்'ஸென்று கொதித்து நீறுகிறது. சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பழையபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். சுவருக்கு நல்லதுதான். கண்ணில் பட்டால்?

ஆபத்து! நீறிய சுண்ணாம்பு கடுமையான காரம். கருவிழியை அரித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பார்வையே பறிபோகலாம். கடையில் வாங்குகிற சின்ன சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அமுக்கி விளையாடும்போது, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பதுண்டு.

உடனே என்ன செய்யணும்?

* கண்ணைக் கசக்க விடாதீர்கள். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரே போதும்.

* அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தை அழுதாலும் நிறுத்த வேண்டாம்.

* தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், எலுமிச்சைச் சாறு எதையும் விடாதீர்கள்.

* கழுவிய கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலி குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மேல் இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை டாக்டர்தான் இமையைப் புரட்டி எடுக்க வேண்டும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்குக் குழந்தைகளை விடாதீர்கள். தாத்தா, பாட்டியின் சுண்ணாம்பு டப்பியையும் பாக்கெட்டையும் இன்றைக்கே உயரமான அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.