விண்வெளி கேம்களில் கூட்டாளி ஏன் காலை வாருகிறான்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் விளையாடுவது கார் ரேஸ், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை போன்ற கேம்களைத்தான். சில மாதங்களில் அவை அலுத்துப்போகும். அதன் பிறகு மூளைக்கு வேலை தரும் ஸ்ட்ரேட்டஜி கேம்கள் பக்கம் வருவார்கள். அவற்றில் விண்வெளி ஸ்ட்ரேட்டஜி கேம்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. ஒரே ஒரு கிரகத்தை வைத்துக்கொண்டு தொடங்கி, கப்பல்கள் கட்டி, புதிய கிரகங்களில் குடியேறி, ஒரு பேரரசையே உருவாக்க வேண்டும். எதிரில் உள்ள மற்ற இனங்களைக் கம்ப்யூட்டரே இயக்கும்.

இந்த கேம்களில் புதியவர்களை அதிகம் வெறுப்பேற்றுவது போர் அல்ல, பேச்சுவார்த்தைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு நாள் இரவு போன் செய்து, "அண்ணே, நேத்து வரைக்கும் கூட்டாளியா இருந்தவன் இன்னைக்கு என் கிரகத்துல குண்டு போடுறான். பத்து தடவை சமாதானம் கேட்டுட்டேன், முடியாதுங்கிறான். பேசாம கேமையே அழிச்சிடவா?" என்று கேட்டான்.

அழிக்க வேண்டாம். அந்தக் கூட்டாளிக்கு உங்கள் மீது கோபமும் இல்லை, துரோக எண்ணமும் இல்லை. அவனிடம் இருப்பது சில எண்கள் மட்டுமே. அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

முகம் தெரியாது, கணக்கு தெரியும்

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இரண்டு கிரகங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நூல் மில்கள், மற்றொன்றில் பால்கோவா. நிஜ வாழ்க்கையில் ராஜபாளையத்து வியாபாரி ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் கடன் சொன்னால், கடைக்காரர் அவருடைய முகத்தைப் பார்ப்பார், அவருடைய அப்பாவை நினைப்பார், ஊரில் நான்கு பேரிடம் விசாரிப்பார். கேமில் உள்ள கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவரிடம் இருப்பது ஒரு பற்று வரவு நோட்டு மட்டும்தான். வியாபாரம் செய்தால் கூட்டல். எல்லையில் கப்பலை நிறுத்தினால் கழித்தல். பழைய ஒப்பந்தத்தை மீறியிருந்தால் பெரிய கழித்தல். கடைசியில் மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் "சரி", கீழே இருந்தால் "முடியாது".

இன்று ஏஐ என்றவுடன் சாட்ஜிபிடி போன்றவைதான் நினைவுக்கு வரும். பெரும்பாலான ஸ்ட்ரேட்டஜி கேம்களில் உள்ள ஏஐ அப்படிப்பட்டது அல்ல. புரோகிராமர் எழுதி வைத்த விதிகளும் எண்களும்தான் அங்கே ஏஐ. திரையில் வரும் வீராவேசமான வசனங்கள் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. அவற்றைப் படித்துக் கோபப்படுவதில் பயன் இல்லை.

1993-இல் வந்த மாஸ்டர் ஆப் ஓரியன்

இந்த வகை கேம்களுக்கு முன்னோடி 1993-இல் வெளியான மாஸ்டர் ஆப் ஓரியன். ஆலன் எம்ரிக் என்ற எழுத்தாளர் அந்த கேமைப் பற்றி எழுதியபோதுதான் ‘4 எக்ஸ்' என்ற பெயரே பிறந்தது. ஆராய்தல், விரிதல், வளங்களைப் பயன்படுத்துதல், அழித்தல் ஆகிய நான்கு வேலைகளையும் அது குறிக்கும்.

இதில் கம்ப்யூட்டர் இயக்கும் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு குணம் தரப்பட்டிருந்தது. சிலர் சமாதானப் பிரியர்கள், சிலர் முரடர்கள், சிலர் வாக்கை மதிப்பவர்கள், சிலர் எப்போது என்ன செய்வார்கள் என்றே சொல்ல முடியாதவர்கள். கடைசி வகைத் தலைவர் ஒப்பந்தத்தை முறித்தால் அதற்கு நீங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவருடைய குணமே அதுதான்.

இந்த கேமில் விண்வெளி சபை ஒன்றும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் பெறுபவர் போரிடாமலேயே வெற்றி பெறலாம். மக்கள் தொகைக்கு ஏற்ப வாக்குகள் கிடைக்கும். எனவே பக்கத்து இனத்துடன் உள்ள உறவு வெறும் அலங்காரம் அல்ல. அதுவே உங்கள் வெற்றியை முடிவு செய்யும்.

காந்தியும் அணுகுண்டும்

எண்களால் தலைவர்களை உருவாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டுத் தலைவரே ஓர் உதாரணம். 1991-இல் வந்த சிவிலைசேஷன் விண்வெளி கேம் அல்ல, பூமியில் நடப்பது. ஆனால் பேச்சுவார்த்தை முறை இதே போன்றதுதான். அதில் இந்தியாவின் தலைவர் மகாத்மா காந்தி. அவர் அணுகுண்டு போடப்போவதாக மிரட்டுவதைப் பார்த்துப் பலர் திகைத்தார்கள்.

இதற்கு ஒரு கதை பரவியது. காந்தியின் ஆக்ரோஷ எண் 1. ஜனநாயகத்துக்கு மாறும்போது அதில் 2 குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாததால் அந்த எண் சுற்றிக்கொண்டு 255 ஆகிவிட்டது என்பதே அந்தக் கதை. கேட்க நன்றாக இருந்தாலும் அது உண்மை அல்ல. கேமை உருவாக்கிய சிட் மெயர், 2020-இல் வெளியான தம் நினைவுக் குறிப்பு நூலில் அப்படி ஒரு பிழையே இல்லை என்று சொல்லிவிட்டார். அணுகுண்டு வைத்திருக்கும் எந்தத் தலைவரும் அதே மிரட்டல் வசனத்தைத்தான் சொல்வார். காந்தியின் வாயில் வந்ததால் அது நம் மனதில் தங்கிவிட்டது. 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான், வேடிக்கைக்காக, அணுகுண்டு மீதான காந்தியின் விருப்பத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்தார்கள்.

சமாதானம் கேட்கக் கேட்க எரிச்சல்

நோட்டுக் கணக்கை நேரடியாகப் பார்க்க விரும்பினால் பிரீஓரியன் என்ற கேமை இன்ஸ்டால் செய்யுங்கள். இது மாஸ்டர் ஆப் ஓரியனைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் உருவாக்கிய இலவச கேம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதன் ஏஐ பைத்தான் மொழியில் எழுதப்பட்டிருப்பதால் அந்த பைல்களை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். படித்த பிறகு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

அதில் சமாதானத்துக்கான விதி மிக எளிமையானது. ஆக்ரோஷ நிலையை மிகக் குறைவாக வைத்தால் ஏஐ சம்மதிக்கும். உச்ச நிலையில் வைத்தால் மறுத்துவிடும். இடைப்பட்ட நிலைகளில் 10-க்குள் ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து, அதிலிருந்து எரிச்சலைக் கழிக்கும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு சமாதானக் கோரிக்கையும் அந்த எரிச்சலைக் கூட்டும்.

உதாரணமாக ரேண்டம் எண் 6, எரிச்சல் 4 என்றால் மிச்சம் 2, சமாதானம் கிடைக்கும். மீண்டும் மீண்டும் கேட்டு எரிச்சல் 8 ஆகிவிட்டால் அதே 6-க்கு மிச்சம் மைனஸ் 2, கிடைக்காது. பத்து முறை கேட்பவருக்கு, இரண்டு முறை கேட்பவரை விட வாய்ப்பு குறைவு!

எல்லா கேம்களிலும் இதே விதி இருக்காது. ஆனால் ஏதோ ஒரு விதி நிச்சயம் இருக்கும்.

கூட்டாளி ஏன் மாறுகிறான்?

இங்கே கேம் தயாரிப்பவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. வெற்றி பெறப்போவது ஒருவர்தான். ஏஐயும் ஜெயிக்க நினைக்க வேண்டும் என்றால், நீங்கள் முன்னணிக்கு வந்தவுடன் அது உங்களைத் தாக்கியே ஆக வேண்டும். அப்போது "துரோகி" என்கிறோம். நல்ல பக்கத்து வீட்டுக்காரனாக நடக்கச் சொன்னால், நாமே அவனை ஏமாற்றி ஜெயித்துவிட்டு, "முட்டாள் ஏஐ" என்கிறோம். இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா கேம்களும் தடுமாறுகின்றன.

காரணத்தைக் காட்டிவிட்டால் கோபம் பாதியாகக் குறையும். 2005-இல் வந்த சிவிலைசேஷன் நான்காம் பதிப்பு, ஒரு தலைவர் உங்களை ஏன் விரும்புகிறார், ஏன் வெறுக்கிறார் என்பதைப் பிளஸ், மைனஸ் எண்களாகத் திரையிலேயே காட்டியது. 2016-இல் வந்த ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி கேமிலும் இந்த வசதி உண்டு. எல்லை உரசல் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் சிறிய விண்வெளி, இரண்டே எதிரிகள், குறைந்த ஆக்ரோஷம் என்று தேர்ந்தெடுத்து ஆடுங்கள்.

2. பேச்சுவார்த்தைத் திரையில் உறவைக் காட்டும் எண்ணின் மீது மவுஸ் பாயின்டரைக் கொண்டுசென்று சற்று நிறுத்துங்கள். காரணங்கள் பட்டியலாக வருகின்றனவா என்று பாருங்கள்.

3. மறுத்தவுடன் திரும்பக் கேட்காதீர்கள். பல சுற்றுகள் போகட்டும், நிலைமை மாறட்டும்.

4. எடுத்தவுடன் ராணுவக் கூட்டணி கேட்காமல் முதலில் சிறிய வியாபாரம், பிறகு ஒப்பந்தம் என்று படிப்படியாகப் போங்கள்.

5. கூட்டாளியின் எல்லைப் பக்கமும் கொஞ்சம் காவல் வையுங்கள். பல கேம்களில் ஏஐ உங்கள் படைபலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். காலியாகக் கிடக்கும் எல்லை அதற்கு ஓர் அழைப்பு.

6. முக்கியமான பேச்சுவார்த்தைக்கு முன் கேமை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். முடிவு பிடிக்காவிட்டால் மீண்டும் திறந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். எது காரணம் என்பது பிடிபடும்.

இந்த ஆறாவது பழக்கம் கேமுக்கு மட்டும் உரியது அல்ல. பிரின்டர் அச்சடிக்க மறுத்தாலும், இன்டர்நெட் இணைய மறுத்தாலும், கம்ப்யூட்டர் நம்மைப் பழி வாங்குவதில்லை. எங்கோ ஒரு நிபந்தனை நிறைவேறவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அது எது என்று கண்டுபிடிக்கப் பழகியவர் எந்த சாப்ட்வேரைக் கண்டும் பயப்பட மாட்டார். கேமை அழிப்பதற்கு முன் அந்த நோட்டுக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.