உயர்த்திய வண்டியும் ஓயாத அதிர்வும்

காரைதீவிலிருந்து அம்பாறை நோக்கிச் செல்லும் வீதியிலே மாவடிப்பள்ளி என்னும் ஊர் உளது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். மாரிக்காலத்தில் வயல்வெளிகளை நிறைத்த நீர் இவ்வீதியின் குறுக்கே பாய்வது இவ்வூரார் நன்கறிந்த செய்தி. 2024 நவம்பர் 26 ஆம் நாள் இங்குள்ள தாம்போதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டதையும், அதிற் சென்ற மதரஸா மாணவர் பலர் உயிரிழந்ததையும் இக்கரையில் எவரும் மறந்திலர். இத்தகைய நிலத்தில் வாழ்வோர் தம் கெப் வாகனத்தைச் சிறிது உயர்த்திக்கொள்ள விரும்புவது இயல்பே. வயல் வரம்பில் அடிதட்டாது, சேற்றிற் புதையாது, வீதியில் நீர் நின்றால் இயந்திரம் நனையாது என்பது அவர் எண்ணம்.

முதலில் ஒன்றைக் கூறிவிடுவோம். வண்டியை இரண்டங்குலம் உயர்த்துதல் பாயும் வெள்ளத்துக்குப் பரிகாரமாகாது. நான்கு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமுங்கொண்ட அடித்தளம் நீரில் 10 சதமமீற்றர் அமிழுமாயின், உள்ளே நீர் புகாதவரை, ஏறத்தாழ 600 கிலோகிராம் எடையை நீரே தாங்கிக்கொள்ளும் என்பது ஆர்க்கிமிடீசு விதியிலிருந்து எவரும் கணிக்கத்தக்கது. எடை குறைந்த சில்லு வீதியைப் பற்றாது. ஆகவே ஓடும் நீருக்கு அஞ்சுவதே அறிவுடைமை. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதனின் வேறான ஒரு தொல்லை: வண்டியை உயர்த்திய பின்னர் அதனுள்ளே தோன்றி, எதை மாற்றினும் நீங்காது நிற்கும் அதிர்வு.

இவ்வதிர்வின் இயல்பு பெரும்பாலும் இது. மணிக்கு 50 கிலோமீற்றர் வரை வண்டி அமைதியாகச் செல்லும். 60ஐக் கடந்ததும் இருக்கையின் கீழே ஒரு நடுக்கம். 70இல் அது முனகலாகிப் பலகையெல்லாம் பரவும். உரிமையாளர் சில்லுகளைச் சமநிலைப்படுத்துவார். பின்பு டயரை மாற்றுவார். பின்பு இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர்களை மாற்றுவார். பணம் கரையும், அதிர்வு கரையாது. பட்டறையிலுள்ளவர் திறமையற்றவர் என்று இதற்குப் பொருளன்று. எண்ணிப் பார்க்குமுன் கழற்றத் தொடங்கினமையே காரணம்.

எண்ணுதல் என்றது உருவகமன்று. வண்டியின் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்குரிய வேகத்திற் சுழல்கின்றன. எனவே ஒவ்வொன்றும் எழுப்பும் அதிர்வின் மீடிறன் வேறு. மாவடிப்பள்ளிக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் அறிவியற் பட்டம் பெற்றவர். நரம்பின் அதிர்வையும் சுருதியையும் கணக்கிட்டே வழக்கொழிந்த யாழினை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 'யாழ் நூல்' என 1947இல் வெளிவந்தது. யாழ் எங்கே, லொறி எங்கே என நகைப்பாரும் உளராகலாம். எனினும் அதிர்வை எண்ணினால் அதிர்வது யாதென அறியலாம் என்னும் பௌதிகம் இரண்டுக்கும் ஒன்றே.

ஓர் உதாரணம் கொள்வோம். சில்லின் பரிதி 2.4 மீற்றர், வண்டியின் வேகம் மணிக்கு 72 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர். சில்லு செக்கனுக்கு 8.3 முறை சுழலும். பின்னச்சின் பற்சில்லு விகிதம் நான்குக்கு ஒன்றாயின், கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு, மெக்கானிக்குகள் 'ஷாப்ட்' என்று சுருங்கக் கூறுவது, செக்கனுக்கு 33 முறை சுழலும். அத்தண்டின் இரு முனையிலுமுள்ள சிலுவை மூட்டுக்கள் கோணத்தில் இயங்கினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பை எழுப்பும். ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 67. எட்டு என்பது கையால் உணரும் உலுக்கல். 33 என்பது நடுக்கம். 67 என்பது காதில் விழும் தாழ்ந்த முனகல். இக்காலக் கைப்பேசியிலே அதிர்வின் மீடிறனை அளந்து காட்டும் செயலிகள் உண்டு. பக்கத்திலிருப்பவர் கைப்பேசியை இருக்கைச் சட்டத்தின்மீது வைத்திருந்தாற் போதும். ஓட்டுநர் அதனைப் பார்த்தல் கூடாது.

செக்கனுக்கு எட்டு எனின் சில்லையே நோக்குக. நமது வயற்பகுதியில் இதற்குப் பெருங்காரணம் சேறு. வயலிலிருந்து ஏறிய வண்டியின் சில்லின் உட்புறத்தில் ஒட்டிய களிமண் உலர்ந்து கல்லாகும். 100 கிராம் மண் மையத்திலிருந்து 20 சதமமீற்றர் ஆரையில் ஒட்டியிருந்தால், மேற்கூறிய வேகத்தில் அது சில்லை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு வெளியே இழுக்கும். ஒரு வாளி நீரும் ஒரு குச்சியும் செய்யவேண்டிய வேலைக்குப் புது டயர் வாங்குதல் வீண். 33 எனின் தண்டு வளைந்திருக்கலாம், அதன் சமநிலைத் தகடு கழன்றிருக்கலாம், வைக்கோலோ சேறோ அதிற் சுற்றியிருக்கலாம்.

இங்கு ஒரு மயக்கம் உண்டு. ஐந்து கியர் கொண்ட பல வண்டிகளில் நான்காவது கியர் நேர்க் கியர். அதில் இயந்திரமும் தண்டும் ஒரே வேகத்திற் சுழலும். ஆகவே 33 என்னும் எண் இயந்திரத்தையும் சுட்டலாம், தண்டையும் சுட்டலாம். அதே வீதி வேகத்தில் கியரை மாற்றிப் பார்த்தால் மயக்கம் தீரும். இயந்திரத்தின் வேகம் மாறும். தண்டின் வேகம் மாறாது. அதிர்வின் எண் மாறாவிடின் இயந்திரம் குற்றமற்றது.

இனி 67 என்னும் எண்ணுக்கு வருவோம். உயர்த்திய வண்டியின் பிடிவாதமான அதிர்வு பெரும்பாலும் இதுவே. ஆதலின் சிலுவை மூட்டின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

கோணத்திலுள்ள இரு தண்டுகளிடையே சுழற்சியைக் கடத்தும் இம்மூட்டுக்கு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், 17 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் றொபேட் ஹூக்கின் பெயரும் வழங்கும். அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் உரிமம் பெற்ற மூடிய அமைப்பின் பின்னரே மோட்டார் வண்டியிற் சங்கிலியை நீக்கி இது நிலைபெறலாயிற்று. இதன் நலம் யாவரும் அறிவர். குற்றமோ பலர் அறியாதது. ஒரு தண்டு சீரான வேகத்திற் சுழன்றாலும், கோணத்திலுள்ள மற்றத் தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றிலே இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். அதன் உச்ச வேகம் கோணத்தின் கோசைனால் வகுத்த அளவு. தாழ்ந்த வேகம் கோசைனாற் பெருக்கிய அளவு. கோணம் இருமடங்கானால் இவ்வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்காகும். சுழற்சி வேகம் இருமடங்கானால் ஆர்முடுகலும் நான்கு மடங்காகும். 50இல் அமைதியும் 70இல் நடுக்கமும் தோன்றுவதன் காரணம் இவ்வர்க்க விதியே.

உழவு இயந்திரம் ஓட்டியவர் இதனைக் கேட்டேயிருப்பர். சுழல் கலப்பையைப் பூட்டி உழுதுகொண்டு செல்கையில் பின்னுள்ள தண்டு அமைதியாகச் சுழலும். வரப்பில் திரும்புதற்காகச் சுழற்சியை நிறுத்தாமலே கலப்பையை உயர்த்தினால் 'கடகட'வென்று முழங்கும். மூட்டின் கோணம் பெருகியதே அம்முழக்கம். உயர்த்திய கெப்பினுள்ளே எழும் முனகலும் அதே ஓசையின் இளைய தம்பி.

ஒரு மூட்டின் குற்றத்தை மற்றொரு மூட்டினாற் போக்குவதே வண்டியில் அமைந்துள்ள உபாயம். தண்டின் முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று. இரண்டின் கோணமும் சமமாகவும், தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்திலும் இருப்பின், முன்மூட்டு முந்துமிடத்துப் பின்மூட்டுப் பிந்தும். பின்னச்சுக்குச் சீரான சுழற்சியே சேரும். கோணம் சமமாவதற்குக் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டும் பின்னச்சின் மூக்காகிய பினியன் தண்டும் தம்முள் சமாந்தரமாயிருத்தல் வேண்டும். உயர்த்தும்போது கெடுவது இச்சமாந்தரமே.

கணக்கிட்டுக் காண்போம். ஒற்றைத் தண்டு; நீளம் 120 சதமமீற்றர்; உயர்த்துமுன் இரு மூட்டிலும் மும்மூன்று பாகைக் கோணம். வண்டி 5 சதமமீற்றர் உயர்ந்தது. தண்டின் சாய்வு 2.4 பாகை மிகும். இரு மூட்டிலும் 5.4 பாகை. இம்மட்டோடு நின்றாற் சமம் கெடாது. ஆனால் உயர்த்திய வழி யாது? பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் 'ஷாக்கிள்' என்னும் தொங்கு தகட்டை நீளமாக்குதல் மலிவான வழி. நடுவிலுள்ள அச்சு 5 சதமமீற்றர் இறங்குதற்கு ஸ்பிரிங்கின் பின்முனை 10 சதமமீற்றர் இறங்கல் வேண்டும். 120 சதமமீற்றர் நீளமுள்ள ஸ்பிரிங் இதனால் 4.8 பாகை சாயும். அதனோடு பிணைந்த அச்சும் சாய்ந்து பினியன் மூக்கை மேலே தூக்கும். முடிவு: முன்மூட்டிற் கோணம் 5.4 பாகை, பின்மூட்டில் வெறும் 0.6 பாகை. முன்மூட்டு எழுப்பும் குற்றத்தைப் போக்கப் பின்மூட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஈண்டுக் கண் நம்மை ஏமாற்றுகின்றது. வண்டியின் கீழே குனிந்து பார்ப்பவருக்குப் பின்மூட்டு நேராக, அழகாகத் தோன்றும். முன்மூட்டே வளைந்து தோன்றும். ஆதலின் பின்பக்கம் நன்று என்று விட்டு, முன்மூட்டின் சிலுவையை மாற்றுவர். புதிய சிலுவையும் அதே 5.4 பாகையில் அதே குற்றத்தையே செய்யும். மேலும், முற்றும் நேராக நிற்கும் மூட்டுக்கும் ஆயுள் குறைவு. அதனுள்ளிருக்கும் ஊசிப் போதிகைகள் அசையாது ஓரிடத்தையே அழுத்திக் குழிசெய்யும். நேர்மை மனிதருக்கு அழகு. சிலுவை மூட்டுக்கு அன்று.

கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மாணவரின் கணிதப் பெட்டியிலுள்ள கோணமானியின் மையத்தில் நூலொன்றைக் கட்டி, நுனியிற் சிறு குண்டைத் தூக்கினால் அதுவே சாய்வுமானி. கியர்ப்பெட்டியின் முனை, தண்டு, பினியன் முனை ஆகிய மூன்றன் சாய்வையும் குறித்து, அடுத்தடுத்துள்ளவற்றின் வேறுபாட்டை எடுத்தால் இரு மூட்டுக்களின் கோணமும் கிடைக்கும். வண்டி சமதரையிலே தன் சில்லுகளின்மீது நிற்றல் இன்றியமையாதது. சட்டத்தை ஜாக்கினாலே தூக்கினால் அச்சுத் தொங்கும். அப்பொழுது அளந்தது வீதியிலுள்ள கோணமாகாது. தாங்கி வைக்க வேண்டின் அச்சின் கீழேயே வைக்க. தாங்கியின்றி வெறும் ஜாக்கின்மேல் நிற்கும் வண்டியின் கீழே எவரும் புகற்க.

அளந்த பின்பு பரிகாரம் எளிது. மேற்கூறிய வண்டிக்கு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே உருக்கினாலான ஆப்புத் தகடு வைத்துப் பினியன் மூக்கைத் தாழ்த்திச் சமாந்தரமாக்குதல் வேண்டும். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி வலுவோடு இழுக்கும்போது அச்சு முறுகி மூக்குச் சற்று மேலெழுமாதலின், நிற்கும் நிலையில் ஒரு பாகை தாழ்த்தி வைப்பது வழக்கம். ஆப்பைத் திசைமாற்றி வைத்தாற் குற்றம் இரட்டிக்கும். அப்படி வைத்த வண்டிகளும் உள. ஆறு ஏழு அங்குலம் உயர்த்திய வண்டிக்கு இம்முறை போதாது. அதற்குக் கியர்ப்பெட்டி முனையில் இரு சிலுவைகளை அடுத்தடுத்துக் கொண்ட இரட்டை மூட்டுத் தண்டு வேண்டும். அந்நிலையில் விதி தலைகீழாகும்: முன்னுள்ள இரட்டை மூட்டுத் தன் குற்றத்தைத் தானே போக்கிக்கொள்ளுமாதலின், பினியன் சமாந்தரமாயிராது தண்டையே நோக்கி நிற்றல் வேண்டும். எந்தத் தண்டு என்று கேளாமலே 'பினியனைத் தூக்கு' என்றும் 'தாழ்த்து' என்றும் வாதிடுவோர் இருசாராரும் அரைப்பங்கே சரி.

தண்டைக் கழற்றுமுன் சறுக்கு முனையின் இரு பாகத்திலும் சாயக்குறி இடுதல் மறக்கற்பாலதன்று. பல் மாறிப் பூட்டினால் கவைகள் ஒரே தளத்தில் நில்லா. நாற்பத்தைந்து, தொண்ணூறு பாகை பிசகினால் போக்கவேண்டிய குற்றம் கூடிவிடும். அப்பொழுதே கிண்ணங்களின் விளிம்பையும் நோக்குக. செந்நிறத் துரும்புத்தூள் கசிந்திருப்பின் கிறீஸ் வற்றி உள்ளே துருவேறியது என்பதற்கு அது சான்று. நீரிற் பலமுறை இறங்கிய வண்டிகளில் இது மிகுதி. அவ்வாறான மூட்டை அன்றே மாற்றுதல் வேண்டும். ஓடும்போது முன்மூட்டு முறிந்து தண்டின் முன்முனை வீதியிற் குத்துமாயின் வண்டியையே தூக்கி எறியவும் கூடும்.

இன்னுமொரு குறிப்பு நெல்லேற்றுவோர்க்கு உரியது. வெறுமையாய்ச் செல்கையில் அதிர்ந்த வண்டி பத்து மூடை ஏற்றியதும் அமைதியானால், அதிர்வு பெரும்பாலும் கோணத்தினாலானது என்பதற்கு அது நல்ல குறி; ஸ்பிரிங் அமிழ்ந்து முன்மூட்டின் கோணத்தைக் குறைத்துவிட்டது. மாறாக, வெறுமையில் அமைதியும் பாரத்தில் அதிர்வும் எனின், ஆப்பு வைத்தவர் வெறும் வண்டியை மட்டுமே அளந்தார் என்று கொள்க. எந்தப் பாரத்தோடு வண்டி பெரிதும் ஓடுமோ அந்தப் பாரத்தை ஏற்றி நிறுத்தியே அளத்தல் வேண்டும். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் சற்றுப் படியும். அப்பொழுது யூ-போல்ட்டுக்களை மீண்டும் முறுக்கி, கோணமானியை இன்னொருமுறை வைத்துப் பார்க்க.