வாடகை வீடுதான்... ஆனாலும் அது உங்கள் வீடு!

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் குடும்பமோ, திருச்சுழி பக்கம் கரிசல் காட்டை நம்பிய குடும்பமோ... அடி தாங்க முடியாத பெண்ணின் முதல் கவலை இதுதான்: "அக்ரிமென்ட் அவர் பேர்லதானே இருக்கு, நான் எங்கே போவேன்?"

பயம் வேண்டாம். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வாடகை வீட்டிலும் மனைவிக்கு வசிக்கும் உரிமை உண்டு.

மாஜிஸ்திரேட்டிடம் என்ன கேட்கலாம்?

* அடிக்கும் கணவர் வீட்டை விட்டு வெளியேற உத்தரவு.

* கோர்ட் அனுமதி இல்லாமல், வீட்டின் மீதுள்ள உரிமையை அவர் விட்டுக்கொடுக்கத் தடை.

* அங்கே இருப்பதே ஆபத்தா? அதே தரத்தில் வேறு வீடு, அல்லது அதற்கான வாடகை.

தாய் வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இழுத்தடித்தால்? இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

காயம் ஆறியதும் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவே சாட்சி!

மனு எழுத, பாதுகாப்பு அலுவலர் உதவுவார். இலவச சட்ட உதவியில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அவசரத்துக்கு 181.