நினைவை விழுங்கும் மது

நுழையும்முன்

மது கல்லீரலைக் கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவர். எண்ணம், சொல், நடை, நினைவு ஆகிய அனைத்தையும் ஆளும் மூளையையும் அது சிதைக்கும் என்பதை அறிந்தோர் குறைவு. அச்சிதைவு நிகழும் முறையையும் அதிலிருந்து மீளும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

மூளையை அடையும் மது

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. குருதியிலுள்ள தீய பொருள்கள் பல அதனுள் புகாதவாறு இயற்கை அரண் ஒன்று காக்கிறது. மதுவிலுள்ள எத்தனால் அவ்வரணை எளிதில் கடந்துவிடுகிறது. நரம்புச் செல்களை அடக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் ஆற்றலை அது மிகுவிக்கிறது. அவற்றைத் தூண்டும் 'குளுட்டமேட்' என்பதன் ஆற்றலைக் குறைக்கிறது. இதனால் பெருமூளையின் முன்பகுதி தளர்ந்து, நன்மை தீமை ஆராயும் திறன் குன்றுகிறது. சிறுமூளை தளர்வதால் நடை தள்ளாடுகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் முடங்குவதால், இரவில் பேசியவை மறுநாள் நினைவில் இருப்பதில்லை. அவை மறந்துபோனவை அல்ல, பதிவே ஆகாதவை. அளவு மேலும் மிகுந்தால், மூச்சை இயக்கும் முகுளமும் அடங்கி உயிர் பிரியக்கூடும்.

அடிமைப்படும் மூளை

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் அடக்குதலை ஈடுசெய்யத் தன் தூண்டலைப் பெருக்கிக்கொள்கிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால் அத்தூண்டல் மட்டும் கட்டின்றி எஞ்சுகிறது. கைநடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றுகின்றன. இவை உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். ஆதலால், நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையுடன் நிறுத்துவதே பாதுகாப்பானது.

அழியும் நினைவு

குளுக்கோசிலிருந்து மூளை ஆற்றல் பெறுவதற்குத் தையமின் எனப்படும் வைட்டமின் பி1 இன்றியமையாதது. மிகுதியாகக் குடிப்போர் பலர் சரிவர உண்பதில்லை. உண்ட உணவிலுள்ள தையமினைக் குடல் உறிஞ்சுவதையும் மது தடுக்கிறது. மனக்குழப்பம், கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்டம் ஆகியவை ஒருங்கே தோன்றும் நோயை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். குடிநோயாளிகளிடம் காணப்படும் கடும் நினைவிழப்பை 1887இல் ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகோவ் எடுத்துரைத்தார். இரண்டிற்கும் தையமின் குறைவே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

நினைவிழப்புற்றவர் இளமையில் நிகழ்ந்ததை விரிவாகக் கூறுவார்; சற்றுமுன் உணவருந்தியதை அறியார். நினைவின் இடைவெளிகளை நடவாத நிகழ்ச்சிகளால் நிரப்பவும் செய்வார். இது புனைந்துரைத்தல் எனப்படும். இது பொய்யன்று, தாம் கூறுவதை அவர் உண்மையென்றே நம்புகிறார்.

மீட்சி

தொடக்கத்திலேயே தையமினை ஊசிவழிச் செலுத்தினால் மூளையைப் பெருமளவு காக்கலாம். காலம் தாழ்ந்தால், இழந்த நினைவாற்றல் முழுமையாகத் திரும்புவது அரிது. எனினும், குடியை அறவே விட்டவர்களின் சுருங்கிய மூளை சில மாதங்களில் ஓரளவு பழைய பருமனைப் பெறுவதை மூளைப் படங்கள் காட்டுகின்றன.

'மனம் வைத்தால் விட்டுவிடலாமே' என்று குடிநோயாளியைப் பலர் இகழ்கின்றனர். மனத்தின் உறுதிக்கு அடிப்படையான மூளையையே மது தாக்கியுள்ளதை அவர்கள் உணர்வதில்லை. அவருக்குத் தேவை ஏளனமன்று. மருத்துவமும் அன்பும் ஆகும். உதவி நாடும் குடும்பத்தினர் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

பெருமூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் மூளைக்கு மதுவால் வரும் கேடு மிகுதி. கள்ளுண்ணாமைக்கெனத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அறம் விலக்கியதன் காரணத்தை அறிவியல் இன்று மூளையிலேயே காட்டுகிறது. தொடங்காதிருப்பதே இளையோர்க்கு உற்ற காப்பு.