குடல் நுண்ணுயிர்களும் நாட்பட்ட குடல் அழற்சி நோயும்

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடல் அழற்சி நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அண்மைக் காலமாக இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கின்றனர். "குடலில் உள்ள கெட்ட கிருமிகளை ஒழித்துவிட்டால் இந்த நோய் போய்விடுமா?" என்பது ஒன்று. "நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரையைச் சாப்பிட்டால் இப்போதுள்ள மருந்தை நிறுத்திவிடலாமா?" என்பது மற்றொன்று. இக்கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆயினும், தாமாகவே ஒரு விடையை முடிவு செய்துகொண்டு மருந்தை நிறுத்தியவர்கள், சில மாதங்களில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் திரும்பி வருவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே, குடல் நுண்ணுயிர்களுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

நோய் எது?

நாட்பட்ட குடல் அழற்சி நோய் பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி. இது மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உட்படலத்தில் மேல்நோக்கித் தொடர்ச்சியாகப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த மலமும், அடக்க முடியாத அவசர உணர்வும் இதன் அடையாளங்கள். இரண்டாவது, கிரோன் நோய். 1932ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் பரில் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்ததால் இப்பெயர் பெற்றது. இது வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியையும் தாக்கக்கூடும். சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும். குடற்சுவரின் முழுத் தடிமனையும் பாதிப்பதால் குடல் சுருங்குவதும், புரையோடிப் பாதைகள் உண்டாவதும் உண்டு. நம் நாட்டில் குடல் காசநோயும் இதே தோற்றத்தைக் காட்டுவதால், சிகிச்சையைத் தொடங்குமுன் பல பரிசோதனைகள் தேவைப்படுகின்றன.

குடலில் குடியிருப்போர்

ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. அவை அனைத்தின் எடையும் சேர்ந்து சுமார் 200 கிராம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. இவற்றைக் கிருமிகள் என்று ஒதுக்கிவிட இயலாது. நம் செரிமான நீர்களால் கரைக்க முடியாத நார்ச்சத்தை இவை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்புறச் செல்களுக்கு முதன்மையான உணவு இந்தப் பியூட்டிரேட்டே ஆகும். எதைத் தாக்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை நோய் எதிர்ப்பு மண்டலம் கற்றுக்கொள்வதற்கும் இந்நுண்ணுயிர்கள் துணைசெய்கின்றன.

இவற்றுக்கும் நம் உடலுக்கும் இடையே ஒரு வேலி உண்டு. பெருங்குடலின் உட்புறத்தை இரண்டு அடுக்குச் சளிப்படலம் மூடியிருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் வாழும். செல்களை ஒட்டிய உள்ளடுக்கில் அவை ஏறக்குறைய இருப்பதில்லை. அதற்கடுத்து இருப்பது ஒற்றை வரிசைச் செல்கள் மட்டுமே. அவற்றின் கீழே எதிர்ப்பு மண்டலத்தின் காவற்செல்கள் காத்திருக்கின்றன. இந்த வேலி உறுதியாக இருக்கும் வரை இருதரப்பும் சமாதானமாக வாழ்கின்றன.

சமாதானம் குலைவது எவ்வாறு?

குடல் அழற்சி நோயாளர்களின் மலத்தை ஆராய்ந்தபோது, நுண்ணுயிர் வகைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பது தெரியவந்தது. குறிப்பாக, பியூட்டிரேட்டை உண்டாக்கும் ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி என்னும் பாக்டீரியா கிரோன் நோயாளர் பலரிடம் குறைவாக உள்ளது. மாறாக, குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு செல்களுக்குள் நுழையும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா, சிறுகுடற் கிரோன் நோயாளர் சிலரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

இம்மாற்றத்தால் நோய் வந்ததா, நோயால் இம்மாற்றம் வந்ததா என்ற கேள்வி எழுகிறது. இரண்டுமே நிகழ்கின்றன. அழற்சியுற்ற குடலில் உயிர்வளியின் அளவு கூடுகிறது. உயிர்வளி இல்லாத சூழலில் மட்டும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதனால் மடிகின்றன. அவை குறையும்போது குடற்செல்களுக்கு உணவு குறைந்து, வேலி மேலும் நலிகிறது. அந்நலிவு அழற்சியை மீண்டும் தூண்டுகிறது.

குடலில் ஓடும் பொருளுக்கு இந்நோயில் பங்கு உண்டு என்பதைப் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் தெளிவாகக் காட்டினர். கிரோன் நோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சிய முனைகளை இணைத்த பிறகு, இணைத்த இடத்திலேயே நோய் திரும்புவது வழக்கம். 1991இல் வெளியான அவர்களது ஆய்வில், 5 நோயாளர்களுக்கு மலம் அவ்விணைப்பை அடையாதபடி, அதற்கு மேலேயே வயிற்றின் வழியாகப் பையில் சேருமாறு திருப்பிவிடப்பட்டது. 6 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அவ்விடத்தில் அழற்சி இல்லை. மலம் மீண்டும் அவ்வழியே செல்ல விடப்பட்டபின் நோய் திரும்பியது. 1998இல் வெளியான தொடர் ஆய்வில், அவ்வாறு ஓய்வாக இருந்த குடற்பகுதிக்குள் நோயாளரின் குடற்கழிவே செலுத்தப்பட்டது. 8 நாட்களிலேயே அழற்சியின் தொடக்கம் தென்பட்டது. குடற்கழிவில் பாக்டீரியாவுடன் உணவுத் துகள்களும் பித்தமும் இருப்பதால், பழி முழுவதையும் பாக்டீரியாவின் மீது சுமத்த இயலாது.

அதே பாக்டீரியாக்கள் பிறர் குடலிலும் வாழ்கின்றன. அவர்களுக்கு நோய் வருவதில்லை. மரபணுவும் இதில் பங்கு கொள்கிறது. பாக்டீரியாவின் துகள்களை அடையாளம் காணும் நாட்2 என்னும் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்குக் கிரோன் நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது 2001இல் கண்டறியப்பட்டது. ஆனால் ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதும் உண்டு. மரபணு, நுண்ணுயிர், எதிர்ப்பு மண்டலம், உணவு, புகை முதலிய சூழல் ஆகிய யாவும் கூடியே இந்நோயை உண்டாக்குகின்றன.

குடும்பத்தினருக்கு இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அன்று. நோயாளரின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அவ்வாறு ஒதுக்குவதால் அவர் மனம் புண்படுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

பாக்டீரியாவைக் கொல்லலாமா?

சீழ்க்கட்டி, ஆசனவாயை அடுத்த புரை போன்ற நிலைகளில் ஆன்டிபயாடிக் மருந்துகள் தேவைப்படுகின்றன. ஆனால் அவை இந்நோயைக் குணப்படுத்துவதில்லை. கெட்டவற்றோடு நல்லவற்றையும் அவை அழிக்கின்றன. அவ்வாறு காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா பெருகினால் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும். பார்ப்பதற்கு அது பழைய நோய் மீண்டும் தலைதூக்கியது போலவே இருக்கும். நோய் கூடும்போது நாங்கள் மலப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

பாக்டீரியாவை உண்ணலாமா?

1917இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிசில் பிரித்தெடுத்த ஒரு தீங்கற்ற ஈ.கோலை வகை, தணிந்த நிலையில் உள்ள பெருங்குடல் புண் அழற்சியை அப்படியே நிலைநிறுத்துவதில் மெசலமைன் மருந்துக்கு ஏறத்தாழ நிகராகச் செயல்பட்டதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. பெருங்குடலை நீக்கிச் சிறுகுடலால் பை அமைத்துக்கொண்டவர்களுக்கு, அப்பையில் வரும் அழற்சியைத் தடுக்க வேறொரு கூட்டு பாக்டீரியா மருந்து உதவியுள்ளது. கிரோன் நோயில் இத்தகைய மருந்துகளால் தெளிவான பலன் காணப்படவில்லை. ஒரு வகை பாக்டீரியாவுக்குக் கிடைத்த சான்றை, கடையில் விற்கும் வேறொரு வகைக்குப் பொருத்திவிட முடியாது. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு, அரிதாக, இவ்வகை மாத்திரையில் உள்ள பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கியதும் உண்டு.

தயிரும் பழைய சோறும் பற்றிப் பலர் கேட்கின்றனர். பழைய சோறு குடல் நலத்துக்கு எவ்வாறு உதவுகிறது என்பது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. ஒத்துக்கொள்பவர்கள் இவற்றை உணவாக உண்ணலாம். சோற்றில் காய்ச்சி ஆறிய நீரையே ஊற்ற வேண்டும். பாத்திரம் தூய்மையாக இருக்க வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் முதலில் எங்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எவ்வாறாயினும் இவை உணவே. மருந்தின் இடத்தை இவற்றுக்கு அளிக்கலாகாது.

ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளரின் குடலுக்கு மாற்றும் முறையும் ஆராயப்படுகிறது. பெருங்குடல் புண் அழற்சியில் சில ஆய்வுகள் போலி மருந்தைவிடக் கூடுதல் பலனைக் காட்டின. எல்லா ஆய்வுகளும் அவ்வாறு காட்டவில்லை. 2019இல், கொடையாளியின் மலத்திலிருந்த மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாவால் ஒரு நோயாளர் இறந்ததை அடுத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. முறையான பரிசோதனையும் மேற்பார்வையும் உள்ள மருத்துவமனையில் அன்றி வேறெங்கும், குறிப்பாக இல்லத்தில், இதை ஒருபோதும் முயலக்கூடாது.

உணவின் வழியே பலன் உறுதியாக நிறுவப்பட்ட இடம் ஒன்று உண்டு. கிரோன் நோயுற்ற குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரங்கள் வரை வேறு உணவின்றி முழுச் சத்துத் திரவ உணவை மட்டும் கொடுத்தால், ஸ்டீராய்டு இன்றியே அழற்சி தணிவதுண்டு. இதுவும் மருத்துவர், உணவியல் நிபுணர் ஆகியோரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டிய சிகிச்சையாகும்.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. உடல் நலமாக இருந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். வேலி முழுதும் சீரடையுமுன் தொல்லைகள் மறைந்துவிடுவது இந்நோயின் இயல்பு.

2. வேறு மருத்துவரிடம் செல்லும்போது இந்நோய் இருப்பதை முதலிலேயே தெரிவியுங்கள். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நோயைத் தூண்டக்கூடும்.

3. நோய் தணிந்த காலத்தில் காய், பழம், பருப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நல்ல பாக்டீரியாக்களின் உணவு அவற்றிலுள்ள நார்ச்சத்தே. குடல் சுருக்கம் உள்ளவர்கள் மட்டும் வாழைத்தண்டு, முருங்கைக்காய் போன்ற நார் மிகுந்தவற்றைத் தவிர்க்க வேண்டும்.

4. புகைப்பழக்கம் கிரோன் நோயைக் கடுமையாக்கும். அதை விட்டுவிடுவது சிகிச்சையின் ஒரு பகுதியே.

5. ஒரு நாளில் 6 முறைக்கு மேல் இரத்தம் கலந்த மலம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வயிற்று உப்புசம், தொடர் வாந்தி ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள்.

முதலில் குறிப்பிட்ட இரு கேள்விகளுக்கும் எங்கள் விடை இதுவே. குடல் நுண்ணுயிர்களை ஒழிப்பதாலும் இந்நோய் போகாது. ஒரு மாத்திரையால் அவற்றை நிரப்பிவிடவும் இயலாது. குலைந்துபோன சமாதானத்தை மீட்பதே சிகிச்சையின் நோக்கம். நீங்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து அழற்சியைத் தணித்து, வேலி மீண்டும் வளர நேரம் தருகிறது. புதிதாக எதைத் தொடங்க விரும்பினாலும், அந்த மாத்திரையின் அட்டையையோ விளம்பரத் தாளையோ எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். சேர்ந்தே படித்துப் பார்த்து முடிவு செய்வோம்.